தராசு யார் கையில்?
(சிறு காப்பி விவசாயிகளும் நியாய வணிகக் கூட்டுறவும் - ஒரு பார்வை)

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



"மச்சி, ரெண்டு காப்பி சொல்லு!" நம் கேண்டீனில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தக் குரல் கேட்கிறது! இன்டர்னல் மார்க் குறைந்தாலும் காப்பி, அரியர் கிளியர் ஆனாலும் காப்பி. ஆனால் அந்த டம்ளரில் இருக்கிற காப்பித்தூளுக்கு நாம் கொடுக்கிற காசில், செடியை வளர்த்தவனுக்கு எவ்வளவு போகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? நானும் ரொம்ப நாள் யோசித்ததில்லை. இத்தனைக்கும் நான் காப்பி விவசாயி வீட்டுப் பிள்ளை!

கீழ்ப்பழனி மலையில் எங்கள் தாத்தாவுக்கு ஒன்றரை ஏக்கர் காப்பி இருந்தது. நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி, நடுவே மலைவாழை. மழை மாதங்களில் கையில் காசு இருக்காது. அப்போது உள்ளூர் வியாபாரி முன்பணம் கொடுப்பார். அறுவடை வந்ததும் பழத்தை அவரிடமே போட வேண்டும். அப்பா அடிக்கடி சொல்லுவார்: "உங்க தாத்தா பழ மூட்டைய இறக்கிட்டு, 'விலை என்னய்யா'ன்னு கேட்டதே கிடையாதுடா. 'கணக்குல எவ்வளவு கழிஞ்சுது'ன்னுதான் கேப்பாரு." தராசும் வியாபாரியுடையது, கணக்கு நோட்டும் அவருடையது. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பதும் அவரேதான்.

இந்தக் கதை எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள சிறு காப்பி விவசாயிகள் பெரும்பாலோரின் கதை இதுதான். இதை மாற்றுவதற்காக ஏற்பட்டவைதான் 'நியாய வணிகக் கூட்டுறவுகள்'. அவை பிறந்தது எப்படி? உண்மையிலேயே விவசாயிக்கு உதவினவா? எங்கே தடுமாறின? இவற்றைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பழம் காத்திருக்காது!

முதலில் கொஞ்சம் தொழில்நுட்பம். நாம் டிப்ளமோ மாணவர்கள் ஆயிற்றே!

காப்பிப் பழத்தைப் பறித்தால் அன்றைக்கே தோலை உரிக்க வேண்டும். விட்டால் சாக்குக்குள்ளேயே புளித்து, கொட்டையின் மணம் கெட்டுப் போகும். பல்ப்பர் என்ற இயந்திரத்தில் போட்டுத் தோலை உரித்து, வழுவழுப்புப் போகத் தொட்டியில் ஊறவிட்டு, கழுவி, களத்தில் வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரம் சுமார் 12 சதவீதத்துக்கு இறங்கியதும் கிடைப்பதுதான் பார்ச்மெண்ட். அதாவது மேலே மெல்லிய ஓட்டுடன் இருக்கும் காய்ந்த கொட்டை. இதைக் காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். பிறகு ஹல்லரில் போட்டு ஓட்டை நீக்கினால் ஏற்றுமதிக்கு உரிய பச்சைக் கொட்டை கிடைக்கும்.

மெக்சிகோ நாட்டில் இதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். 245 கிலோ பழம் = 57.5 கிலோ பார்ச்மெண்ட் = 46 கிலோ பச்சைக் கொட்டை. இந்த 46 கிலோவை அங்கே ஒரு 'கிந்தால்' என்பார்கள். நம் கணக்கில் ஏறத்தாழ நூறு ராத்தல்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? விஷயமே இதில்தான் இருக்கிறது! பழமாக விற்கிறவனுக்கு அன்று சாயங்காலம் வரைதான் நேரம். வியாபாரி சொன்னதுதான் விலை. பார்ச்மெண்ட்டாக வைத்திருப்பவனோ, "இன்னைக்கு வேண்டாம், அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று சொல்ல முடியும். ஒரு பல்ப்பர், ஒரு சிமெண்ட் களம், ஒரு கிட்டங்கி. இந்த மூன்றும் விவசாயிக்குக் காலத்தைச் சம்பாதித்துக் கொடுக்கின்றன. பேரம் பேசக் காலம் வேண்டும். ஆனால் ஒன்றரை ஏக்கர்காரன் தனியாக இவற்றை எல்லாம் வாங்க முடியுமா? முடியாது. இருபது பேர் சேர்ந்தால்? முடியும். கூட்டுறவின் முதல் அவசியம் இங்கேதான் தொடங்குகிறது.

விலை ஏன் ஊஞ்சலாடுகிறது?

அராபிகா காப்பிக்கு உலக விலை நியூயார்க் சந்தையில் தீர்மானிக்கப்படுகிறது. பிரேசிலில் பனி கொட்டிச் செடி கருகினால் விலை ஏறும். ஏறிய விலையைப் பார்த்து எல்லா நாடுகளிலும் நடுவார்கள். செடி காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். எல்லாம் ஒன்றாகக் காய்க்கும்போது விலை படுத்துவிடும். இதுதான் சுழற்சி.

இந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்த 1962-இல் சர்வதேச காப்பி ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு வைத்தார்கள். 1980களில் ஒரு ராத்தலுக்கு 1.20 முதல் 1.40 டாலர் வரை விலையை நிறுத்துவது நோக்கமாக இருந்தது. 1989 ஜூலையில் இந்த ஒதுக்கீட்டு முறை உடைந்தது. அணை உடைந்த மாதிரி காப்பி சந்தையில் கொட்டியது. சில வருஷங்களிலேயே விலை பாதிக்கும் கீழே போயிற்று. 1994-இல் பிரேசில் பனியால் கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் வியட்நாம் பெருமளவில் காப்பி விளைவிக்கத் தொடங்கியதும் மறுபடி சரிந்து, 2001 கடைசியில் ஒரு ராத்தல் 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டவர்கள் எத்தனையோ பேர்.

நம் நாட்டிலும் இதே காலத்தில்தான் மாற்றம் நடந்தது. 1942 முதல் விளைந்த காப்பியை எல்லாம் காப்பி போர்டின் 'பூல்' முறையில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பணம் தவணை தவணையாக வரும். 1990களில் படிப்படியாகத் தளர்த்தி, 1996-இல் முழுச் சுதந்திரம் கொடுத்தார்கள். "யாருக்கு வேணும்னாலும் விக்கலாம்" என்று மலையில் எல்லோருக்கும் சந்தோஷம். ஐந்தே வருஷத்தில் விலை விழுந்தபோது, தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை என்பதும் புரிந்துவிட்டது.

மெக்சிகோ மலையில் ஓர் 'உசிரி'

இப்போது நியாய வணிகம் பிறந்த இடத்துக்குப் போவோம். மெக்சிகோவின் தெற்கே வஹாகா மாநிலம். அங்கே தெஹுவான்தெபெக் என்ற குறுகிய நிலப்பகுதியை ஒட்டிய மலைகளில் ஸபோதெக், மிஹே முதலிய பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சில ஏக்கர் நிழல்காப்பி, வயிற்றுக்கு மக்காச்சோளம், அவரை. அப்போது ரோடு கிடையாது. காப்பியை வாங்க வரும் இடைத்தரகர்களுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் 'கொயோத்தே'. அது அந்த ஊர்க் காட்டு நரியின் பெயர்! எங்கள் தாத்தாவுக்கு இந்த வார்த்தை தெரிந்திருந்தால் அவரும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்.

அந்த மக்கள் 1983-இல் சேர்ந்து ஓர் ஒன்றியம் அமைத்தார்கள். 'இஸ்த்மோ வட்டாரப் பழங்குடிச் சமூகங்களின் ஒன்றியம்' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர். சுருக்கமாக 'உசிரி'. நம்ம ஊர் 'உசிரு' மாதிரியே ஒலிக்கிறது, இல்லையா? அவர்களோடு தங்கி, காப்பித் தோட்டத்திலும் வேலை செய்தவர் ஃப்ரான்ஸ் வான் டெர் ஹோஃப் என்ற டச்சுப் பாதிரியார்.

அவர்கள் செய்தது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. காப்பியை ஒன்றாகச் சேர்த்தார்கள். தரகரைத் தாண்டி நேரே விற்க வழி தேடினார்கள். கடனுக்கு அடகு போகாமல் இருக்க வழி தேடினார்கள். போக்குவரத்து வசதியை உண்டாக்கினார்கள். இளைஞர்களுக்கு விவசாயப் பயிற்சி தரப் பள்ளி வைத்தார்கள். தராசு ஊராருடையதாக ஆயிற்று. மாதந்தோறும் கிராமப் பிரதிநிதிகள் கூடிக் கணக்குப் பார்த்தார்கள். 1989-க்குப் பிறகு மெக்சிகோ அரசின் காப்பி நிறுவனமும் கொள்முதலில் இருந்து விலகி, 1990களின் முதலிலேயே கலைக்கப்பட்டது. அப்போது சங்கம் இல்லாத ஊர்கள் மறுபடியும் நரிகளிடமே போக நேர்ந்தது. சங்கம் இருந்த ஊர்களுக்குத் தாங்கிக்கொள்ள ஒரு தூண் இருந்தது.

மாக்ஸ் ஹாவலார்

ஆனால் ஒரு சிக்கல். ஐரோப்பாவில் ஏழை நாட்டுப் பொருள்களை நல்ல விலைக்கு வாங்கி விற்கும் சிறு கடைகள் இருந்தன. அங்கே விற்றது கொஞ்சம் காப்பிதான். மீதி மூட்டைகளை என்ன செய்வது? "எங்களுக்குத் தர்மம் வேண்டாம். பெரிய கடைகளில் எங்கள் காப்பிக்கு நியாயமான விலை கிடைத்தால் போதும்" என்பதே விவசாயிகளின் நிலை.

வான் டெர் ஹோஃபும், நெதர்லாந்தின் சொலிடாரிடாட் அமைப்பைச் சேர்ந்த நிக்கோ ரோசனும் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். தனிக்கடை வேண்டாம், ஒரு முத்திரை போதும். எந்தக் கம்பெனியும் விவசாயச் சங்கத்திடம் குறிப்பிட்ட நிபந்தனைப்படி காப்பி வாங்கினால் பாக்கெட்டில் அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். சாதாரண மளிகைக் கடையிலும் விற்கலாம். 1988 நவம்பரில் இந்த முத்திரை நெதர்லாந்தில் வந்தது. பெயர் 'மாக்ஸ் ஹாவலார்'. டச்சுக்காரர்கள் ஜாவா தீவில் காப்பி பயிரிடச் செய்து மக்களைக் கொடுமைப்படுத்தியதைக் கண்டித்து 1860-இல் வெளிவந்த நாவலின் பெயர் அது. சரியான பெயர்ப் பொருத்தம்தான்! பிறகு மற்ற நாடுகளிலும் இதுபோன்ற முத்திரைகள் தோன்றின. 1997-இல் அவை எல்லாம் ஒன்றுசேர்ந்து ஜெர்மனியின் பான் நகரில் சர்வதேச அமைப்பாயின.

நிபந்தனைகள் என்ன?

சுருக்கமாகச் சொன்னால் நான்கு.

ஒன்று, அடிமட்ட விலை. சந்தை எவ்வளவு விழுந்தாலும் இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது. சந்தை விலை இதைவிட அதிகமானால் சந்தை விலையையே கொடுக்க வேண்டும்.

இரண்டு, பொதுநிதித் தொகை. விலைக்கு மேல் ஒவ்வொரு ராத்தலுக்கும் ஒரு தொகை சங்கத்துக்கு. அதை என்ன செய்வது என்று உறுப்பினர்கள் பொதுக்குழுவில் ஓட்டுப்போட்டு முடிவு செய்ய வேண்டும்.

மூன்று, முன்பணம். சங்கம் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்கூட்டியே கிடைக்க வழி செய்ய வேண்டும். மழை மாதக் கடனுக்கு இதுதான் மருந்து.

நான்கு, சங்கம் ஜனநாயக முறையில் நடக்க வேண்டும். சர்வதேச முத்திரையில் காப்பிக்கு உரிமை பெறுவது சிறு விவசாயிகளின் அமைப்பு மட்டுமே.

அடிமட்ட விலை 1990களில் இருந்து 2008 வரை நல்ல அராபிகாவுக்கு ராத்தல் 1.21 டாலர். அத்துடன் பொதுநிதி தொடக்கத்தில் 5 சென்ட். 2008-இல் விலை 1.25 ஆகவும், 2011-இல் 1.40 ஆகவும், 2023 ஆகஸ்டில் 1.80 ஆகவும் உயர்த்தப்பட்டது. பொதுநிதியும் 2011-இல் 20 சென்ட் ஆயிற்று. அதில் 5 சென்ட்டை விளைச்சலையும் தரத்தையும் உயர்த்தவே செலவழிக்க வேண்டும் என்பது விதி.

ஒரு சின்னக் கணக்கு

பாலிடெக்னிக் மலரில் கணக்கு இல்லாமல் கட்டுரையா? 2001 கடைசி நிலவரத்தை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். சந்தை விலை ஒரு கிந்தாலுக்கு 50 டாலர், நியாய வணிக விலை 121 டாலர், பொதுநிதி 5 டாலர். இவை அன்றைய நிலவரத்தை ஒட்டியவை. மற்ற எண்கள் கணக்குக்காக நாமாக வைத்துக்கொள்வது. ஒரு விவசாயிக்கு விளைச்சல் 5 கிந்தால். தரகர் கொடுப்பது கிந்தாலுக்கு 30 டாலர். சங்கத்துக்கு லாரி, ஹல்லர், சான்றிதழ், குமாஸ்தா எல்லாம் சேர்த்து ஆகும் செலவு கிந்தாலுக்கு 20 டாலர்.

(அ) தரகரிடம் விற்றால்: 5 × 30 = 150 டாலர்.

(ஆ) சங்கம் இருக்கிறது, ஆனால் நியாய வணிகத்தில் வாங்க ஆள் இல்லை என்றால்: 5 × 50 = 250. செலவு 100 போக 150 டாலர். தரகர் கொடுத்ததேதான்!

(இ) ஐந்தில் இரண்டு மட்டும் நியாய வணிகத்தில் விற்றால்: 242 + 150 = 392. செலவு 100 போக 292 டாலர். பொதுநிதிக்கு 10 டாலர்.

(ஈ) ஐந்தும் நியாய வணிகத்தில் விற்றால்: 605. செலவு 100 போக 505 டாலர். பொதுநிதிக்கு 25 டாலர்.

என்ன தெரிகிறது? முத்திரை இருக்கிறதா என்பது கேள்வி அல்ல. மொத்தக் காப்பியில் எத்தனை பங்கு அந்த விலைக்குப் போகிறது, சங்கத்தின் செலவு எவ்வளவு என்ற இரண்டும்தான் கேள்வி. உண்மை நிலை (இ)-க்குத்தான் பக்கம். சான்று பெற்ற சங்கங்கள் விளைவிக்கும் காப்பியில் அந்த விலைக்கு விற்றது பல ஆண்டுகளில் மொத்தத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. மீதியைச் சாதாரணச் சந்தையில்தான் தள்ளினார்கள்.

சங்கத்தின் செலவை 20-இல் இருந்து 30 ஆக்கி நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள். சங்கத்தில் ஒரு குமாஸ்தா ஊழல் செய்தால் விவசாயிக்கு என்ன ஆகும் என்பது விளங்கும்.

ஆய்வுகள் என்ன சொல்லுகின்றன?

கணக்கு பேப்பரில் நன்றாக இருக்கும். வீட்டில் அடுப்பு எரிந்ததா? இதை நேரில் போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

நிகராகுவா நாட்டின் வடக்கே, விலை விழுந்து கிடந்த காலத்தில், கிறிஸ்டோபர் பேகன் என்ற ஆய்வாளர் 228 விவசாயிகளிடம் விசாரித்து 2005-இல் வெளியிட்டார். சாதாரணச் சந்தையில் மட்டும் விற்றவர்கள், "நிலமே கையைவிட்டுப் போயிடுமோ" என்று பயந்தது, நியாய வணிகக் கூட்டுறவில் இருந்தவர்களைப்போல் நான்கு மடங்கு. நிலம் போகுமோ என்ற பயம் என்ன என்று விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

மெக்சிகோவில் அதே வஹாகா மாநிலத்தில், வேறொரு மலைப்பகுதி ஸபோதெக் ஊர்களில் டேனியல் ஜாஃபி நீண்டகாலம் ஆய்வு செய்து 2007-இல் புத்தகம் எழுதினார். சங்கத்து வீடுகளுக்கு விலை அதிகம் கிடைத்தது. கடன் குறைவு. பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள். சாப்பாடும் மேல். ஆனால் இன்னொரு பக்கமும் இருந்தது. சங்கத்தின் காப்பி இயற்கை முறையில் விளைந்தாக வேண்டும். தொழு உரம், வரப்பு, கவாத்து என்று வேலை அதிகம். அதற்குக் கூலி ஆள் வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கூலியை எல்லாம் கணக்கில் சேர்த்தால், அதிக விலையில் பெரும்பகுதி அதிலேயே கரைந்தது. யாரும் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் அந்தக் கூலி ஊருக்குள்ளேயே நிலம் இல்லாதவனுக்குப் போயிற்று என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது ஆய்வு கொஞ்சம் கசப்பானது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பொருளாதார அறிஞர்கள் குவாதமாலா நாட்டின் காப்பிக் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்றின் 1997 முதல் 2009 வரையிலான கணக்குகளை அலசினார்கள். நியாய வணிக விலை நன்றாக இருக்கிறதே என்று சங்கங்கள் மேலும் மேலும் சான்றிதழ் வாங்கின. வாங்குகிற அளவு அந்த வேகத்தில் கூடவில்லை. ஒவ்வொருவருக்கும் கிடைத்த பங்கு சுருங்கிற்று. சான்றிதழ்ச் செலவைக் கழித்துப் பார்த்தால், நீண்டகாலச் சராசரியில் நிகர லாபம் ஏறக்குறைய ஒன்றும் இல்லை! பஸ்ஸில் சீட் காலி என்று எல்லோரும் ஓடி ஏறினால் கடைசியில் யாருக்கு சீட்?

மூன்று ஆய்வுகளும் முரண்படுகின்றனவா? இல்லை என்றே நினைக்கிறேன். விலை படுத்த ஆண்டுகளில் அடிமட்ட விலை உயிரைக் காப்பாற்றுகிறது. சாதாரண ஆண்டுகளில் விலையால் கிடைப்பது சொற்பம். அப்போதும் நிற்பது முன்பணமும் இயந்திரமும் கணக்குப் புத்தகமும்தான். அதாவது சங்கம்தான்.

விலை ஏறினால் வரும் சோதனை

விலை விழும்போது சங்கத்தின் அருமை தெரியும். ஏறும்போது? அதுதான் பெரிய சோதனை!

2011 மே மாதத்தில் காப்பி ராத்தல் 3 டாலரைத் தொட்டது. 2024 கடைசியில் அதையும் தாண்டி, 2025 பிப்ரவரியில் 4 டாலருக்கு மேலே போயிற்று. இப்படிப்பட்ட நேரங்களில் தரகர் வீட்டு வாசலுக்கே ரொக்கத்தோடு வருகிறார். சங்கமோ சில மாதங்களுக்கு முன்பே குறைந்த விலைக்கு ஒப்பந்தம் போட்டிருக்கும். பணமும் தவணையில் வரும். உறுப்பினர் கைக்காசைப் பார்த்துத் தரகரிடம் விற்றுவிட்டால், ஒப்பந்தம் செய்த மூட்டைகளுக்குச் சங்கம் எங்கே போகும்? வெளியே அதிக விலைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும். இப்படி நஷ்டப்பட்டுத் தள்ளாடிய சங்கங்கள் உண்டு. அடிமட்ட விலை இங்கே உதவாது. உறுப்பினரின் விசுவாசம் ஒன்றுதான் உதவும். வருஷம் முழுவதும் கணக்கைத் திறந்து காட்டிய சங்கத்துக்கே அந்த விசுவாசம் கிடைக்கும்.

இன்னும் இரண்டு அடிகளையும் சொல்ல வேண்டும். 2012-13-இல் மத்திய அமெரிக்காவிலும் தென் மெக்சிகோவிலும் இலைத் துருநோய் பரவித் தோட்டங்களை அழித்தது. (1869-இல் இலங்கையில் தலைகாட்டி, அங்கே காப்பித் தொழிலையே ஒழித்து, தேயிலைக்கு வழிவிட்டதும் இதே துருநோய்தான். அந்தக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் தமிழ்நாட்டில் இருந்து போனவர்கள்.) விளைச்சலே இல்லாதபோது நல்ல விலை இருந்து என்ன பயன்? மறு நடவுக்குப் பொதுநிதியைத் திருப்பிவிட முடிந்த சங்கங்களுக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது.

இரண்டாவது அடி உள்ளிருந்தே வந்தது. 2011-இல் அமெரிக்காவின் முத்திரை அமைப்பு சர்வதேச அமைப்பை விட்டுப் பிரிந்து, பெரிய எஸ்டேட் காப்பிக்கும் முத்திரை கொடுப்போம் என்றது. "எஸ்டேட்டோடு நாங்கள் எப்படிப் போட்டி போடுவது?" என்று சிறு விவசாயிகள் எதிர்த்தார்கள். லத்தீன் அமெரிக்காவின் சிறு விவசாய அமைப்புகள் 2006-இலேயே தங்களுக்கென்று 'சிறு உற்பத்தியாளர் சின்னம்' என்ற சொந்த முத்திரையை உண்டாக்கி இருந்தன. முத்திரையும் ஒரு தராசுதானே! அதுவும் யார் கையில் என்பது அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது.

நமக்கு இதில் என்ன?

இதை எல்லாம் படித்துவிட்டு, போன லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் ஆரம்பித்தேன். "அப்பா, பக்கத்துத் தோட்டத்துக்காரங்க எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பல்ப்பர் போட்டா என்ன?"

அப்பா சிரித்தார். "இப்பதான் விலை நல்லா இருக்கேடா. வியாபாரியே தேடி வாரான். இப்ப எதுக்குச் சங்கம்?"

"விலை விழுந்தா?"

அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாலு பேர் சேர்ந்தா நாப்பது சண்டை வரும். தண்ணிக்குச் சண்டை, களத்துக்குச் சண்டை. கணக்கை யாரு எழுதுறது?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. கூட்டுறவு என்றால் நம் ஊரில் நல்ல அனுபவம் மட்டுமா இருக்கிறது? வேலை செய்யாத மெஷின், திறக்காத கிட்டங்கி, கூடாத பொதுக்குழு எல்லாம் பார்த்தவர்கள்தானே நாம்? மெக்சிகோ மலைவாசிகளுக்கும் சண்டை வராமல் இல்லை. ஆனாலும் மாதா மாதம் கூடினார்கள், கணக்கை எல்லோர் முன்னும் வாசித்தார்கள். அவர்களில் பலருக்குப் பள்ளிப்படிப்பே குறைவு. நாம் டிப்ளமோ படிக்கிறோம்!

கணக்கை யார் எழுதுவது? நாம் எழுதலாம். பல்ப்பரின் சிலிண்டருக்கும் தட்டுக்கும் இடைவெளி கூடினால் பழம் உரியாமல் போகும், குறைந்தால் கொட்டை நசுங்கும். அதைச் சரியாக வைக்க ஒரு மெக்கானிக்கல் மாணவனால் முடியாதா? களத்துக்கு வாட்டம் பார்த்து சிமெண்ட் போட சிவில் மாணவனால் முடியாதா? ஈரம் அளக்கும் மீட்டரை, எலெக்ட்ரானிக் தராசைச் சரிபார்க்க எலெக்ட்ரானிக்ஸ் மாணவனால் முடியாதா? தராசு சரியாக இருக்கிறது என்று ஊரே நம்பினால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் தாத்தா காலத்துக் கைப் பல்ப்பர் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. தாத்தா யாரிடமோ பழசாக வாங்கி, ரிப்பேருக்குக் காசில்லாமல் போட்டுவைத்ததாம். அதைக் கழற்றி, புஷ் மாற்றி, சிறிய மோட்டார் பொருத்தி ஓடவைப்பதைத்தான் எங்கள் குழுவின் ஃபைனல் இயர் புராஜெக்ட்டாக எடுத்திருக்கிறோம். ஓடினால் இந்த சீசனில் முதலில் எங்கள் பழம், அடுத்து பக்கத்துத் தோட்டத்துப் பழம் என்று அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். சங்கம் என்ற வார்த்தையை மட்டும் இன்னும் அவர் சொல்லவில்லை. "ரெண்டு பேர் பழத்துக்கும் தனித்தனி நோட்டுப் போட்டு எழுதுடா" என்று சொல்லி இருக்கிறார். அதுவே ஆரம்பம்தானே!

நண்பர்களே, அடுத்த தடவை கேண்டீனில் காப்பி சொல்லும்போது, பழத்தைப் பறித்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டிய ஒரு மனிதரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வஹாகாவில் இருந்தாலும் கீழ்ப்பழனியில் இருந்தாலும் அவருக்கு வேண்டியது ஒன்றுதான். தர்மம் அல்ல. நேரான தராசும், மறைக்காத கணக்கும், 'இன்னைக்கு விக்கலை' என்று சொல்லக்கூடிய தெம்பும். அதை உண்டாக்க நம் படிப்பு கொஞ்சமாவது உதவட்டும்!